அஸருக்கு ஒன்பது மார்க்

பிற்பகல் தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்கு முடிவதற்குள் பஸீலா நோட்டைத் திறந்து ஒன்பது என்று எழுதிவிட்டாள். எழுதிய பிறகுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்றைக்கு இந்த எண் வரவே கூடாது. வாசலில் அடுப்பு இல்லை, எண்ணெய்ச் சட்டி இல்லை, சமோசா வாசம் துளிகூட இல்லை. வாப்பா எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் மம்மது டீக்கடைக்குப் போய் ஒரு மணி நேரமாகிறது. அப்புறம் எந்தப் பாவி வயிற்றுக்குள் உட்கார்ந்து இப்படிக் கூப்பாடு போடுகிறான்?

பஸீலாவுக்குப் பதினாறு வயது, பதினோராம் வகுப்பு. தன் எடையை அவள் யாரிடமும் சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லாமல் ஊரே பார்த்துக்கொள்கிறது. அதுகூடப் பரவாயில்லை. அவளுடைய வாப்பா ஆதம், நோன்பு மாதம் முழுக்க வீட்டு வாசலிலேயே சமோசா போடுவார். வாங்க வருகிறவர்களில் யாராவது, "என்ன ஆதம், இவ்வளவுதான் இருக்கா?" என்று கேட்டால் போதும், "எம் மவ தின்னது போக மிச்சந்தாம்வே ஊருக்கு" என்பார். கூட்டம் சிரிக்கும். கதவுக்குப் பின்னால் நிற்கிற பஸீலாவுக்கு உடம்பெல்லாம் எரியும். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிறவளை வாய்க்கட்டு இல்லாதவள் என்றால் யாருக்குத்தான் எரியாது?

அந்த எரிச்சலில் பிறந்ததுதான் நோட்டு. ஒவ்வொரு தொழுகை நேரத்திலும் பசி எவ்வளவு என்று பத்துக்கு மார்க். முதல் நோன்பிலிருந்தே எழுதினாள். உம்மா ஷம்சாத் பேகத்தையும் விடவில்லை. "நோம்பு வச்சுக்கிட்டு பசிக்கு மார்க் போடுதியே, இது நல்லாவா இருக்கு?" என்று வைதாலும், கேட்டதற்கு உம்மா எண்ணைச் சொல்லிவிடுவாள். பத்து நாள் கழித்துக் கோடு போட்டுப் பார்த்தபோது பஸீலா குதித்த குதியில் கட்டில் சத்தம் போட்டது. உச்சி வெயிலில், லுஹர் நேரத்தில், அவளுக்கு மூன்று, உம்மாவுக்கும் மூன்று. அஸருக்கு வாப்பா முதல் ஈடு சமோசாவைப் போடும்போது உம்மாவுக்கு ஐந்து, அவளுக்கு ஒன்பது. வயிறு இரண்டு பேருக்கும் ஒன்றுபோலத்தான் காலி. அப்படியானால் அந்த நாலு மார்க் எங்கிருந்து வந்தது? பள்ளிக்கூட நூலகத்துப் புத்தகமொன்று சொன்னது: பதின்வயதில் ஆசைப்படுகிற மூளை முந்திக்கொண்டு வளர்ந்துவிடுகிறது, அடக்குகிற மூளை சாவகாசமாகப் பின்னால் வருகிறது. தின்பண்டத்தின் வாசம் பட்டால் சிலருக்கு அந்த ஆசை மற்றவர்களைவிட அதிகமாகவே எகிறும். பஸீலா அந்தப் பக்கத்தை நாலு தடவை படித்தாள். யாரோ தன் பக்கம் சாட்சி சொல்ல வந்ததுபோல இருந்தது.

நேற்று வாப்பாவிடம் போய் நின்றாள்.

"ஒரு நாளைக்கு அடுப்ப வேற எங்கயாச்சும் வையுங்க வாப்பா. வாசம் வரலன்னா எனக்குப் பசி எறங்கிரும். எறங்கிட்டா, இனி அந்தப் பேச்ச நீங்க பேசப்படாது."

"எறங்கலன்னா?"

"ஆயுசுக்கும் பேசிக்கிடுங்க."

ஆதமுக்குப் பந்தயம் என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. சம்மதித்துவிட்டார்.

இப்போது ஒன்பது. பென்சிலால் எழுதியதுதான், அழித்துவிட்டு நான்கு என்று போட்டால் யாருக்குத் தெரியும்? ரப்பரைக் கையில் எடுத்தாள். நோன்போடு பொய்யா என்று மனசு கேட்டது. கீழே வைத்தாள்.

"உம்மா, உங்களுக்கு எத்தன?"

"மூணு. வாசம் இல்லாதது நிம்மதியா இருக்குடி."

உம்மாவுக்கு இறங்கியிருக்கிறது! தனக்கு மட்டும் ஏன் இறங்கவில்லை? வாசம் வரவில்லை. சரி. அப்படியானால் வந்தது என்ன? பஸீலா எழுந்து நின்றாள். வந்தது பாங்கு! இருபது நாளாகப் பாங்கு கேட்டதும் வாப்பா அடுப்பைப் பற்றவைக்கிறார். பாங்கு, எண்ணெய், சமோசா. பாங்கு, எண்ணெய், சமோசா. அவளைக் கேட்காமலேயே அவள் மண்டைக்குள் ஒன்று இதை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. வாசத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை கள்ளப்பயல்!

அப்படியென்றால் சமோசா வராததைக் கண்டு கொஞ்ச நேரத்தில் அவன் ஏமாந்து அடங்கவேண்டுமே. கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கால் மணி நேரத்தில் ஏழு. அரை மணியில் ஐந்து. பொழுது சாயும் நேரத்தில் நான்கு. மற்ற நாட்களில் நோன்பு திறக்கும்வரை ஒன்பதிலிருந்து அசையவே அசையாது. பஸீலா நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

ஓடினாள். பள்ளிக்கூட விளையாட்டு நாளில்கூட ஓடாதவள், சங்கரன்கோவில் ரத வீதியில், அத்தனை கடைக்காரர்களும் பார்க்க, முக்காடு நழுவ நழுவ ஓடினாள். எந்தக் கண்ணைப் பற்றியும் அவளுக்குக் கவலை வரவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது, சிரிப்பும் வந்தது.

மம்மது கடை முன்னால் நல்ல கூட்டம். ஆதம் அரித்தெடுத்த சமோசாக்களைத் தட்டில் கொட்டிக்கொண்டே தூரத்திலேயே கத்தினார்.

"எத்தன மார்க்கு?"

"ஒம்போது!"

"பாத்தியா மம்மது, எம் மவ தோத்துட்டா!"

"தோக்கல வாப்பா!" மூச்சு வாங்கியது. "பாங்கு கேட்டா அடுத்தது சமோசான்னு மூளை படிச்சு வச்சிருக்கு. நான் படிக்கச் சொல்லல, அதுவாப் படிச்சிருக்கு. சமோசா வரலன்னதும் நாலுக்கு எறங்கிட்டு. இங்கன பாருங்க, எழுதியிருக்கேன்."

"போடி இவளே. பாங்குக்கு யாருக்காச்சும் பசிக்குமா? வாயக் கட்ட முடியலன்னு சொல்லு, ஒத்துக்கிடுதேன்."

பஸீலாவுக்குக் கண் கலங்கியது. சரியாகக் கண்டுபிடித்த பிறகும் தோற்பது என்ன நியாயம்? நோட்டை மூடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

மக்ரிப் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு எல்லாரும் நோன்பு திறந்தார்கள். மம்மது சுடச்சுட டீயை நீட்டினார். ஆதம் வலது கையில் கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தார். அவருடைய இடது கை மேலேறிச் சட்டைப்பைக்குள் நுழைந்து எதையோ துழாவியது.

பஸீலா அந்தக் கையையே பார்த்தாள். அவள் பார்ப்பதைக் கண்டு ஆதமும் குனிந்து பார்த்தார். டாக்டர் பயமுறுத்தி, டீயோடு சேர்த்துக் குடிக்கிற பீடியை அவர் விட்டபோது அவள் மூன்றாம் வகுப்பு.

"எட்டு வருசமாச்சேட்டி" என்றார் மெதுவாக.

தட்டை எட்டிப் பார்த்த ஒருவர் அந்த நேரம் பார்த்துக் கேட்டார்: "என்ன ஆதம், தட்டு காலியாக் கெடக்கு? மவ வந்துட்டாளோ?"

கூட்டம் சிரிக்கத் தயாராகத் திரும்பியது. ஆதம் வாயைத் திறந்தார். அவருடைய கை இன்னும் அந்தக் காலிப் பைக்குள்ளேயே இருந்தது.