தீ படாத கட்டம்

கயிற்றின் ஒரு முனையைக் குழல்வாய்மொழி பிடித்திருந்தாள். மறுமுனையை அவள் கணவர் தில்லைநாயகம் வாசல்வரை இழுத்துப் போய், மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணியாகக் கட்டிக்கொண்டு வந்தார்.

“தொய்ய விடாதட்டி. அளவு ஒரு சாண் கூடிப் போயிரும்.”

“புல்லு அளக்கத்தான் காலேஜ்ல சம்பளம் குடுக்காங்களாக்கும்.”

“எரிச்ச பொறவு இந்த வருஷமும் சிற்றீச்சைதான் முதல்ல தளிர்க்கும். பந்தயம் வைக்கியா?”

“நீங்க ஜெயிக்கப்போற பந்தயத்துக்கு நான் வரல. காப்பி ஆறுது.”

காப்பியைக் குடித்துவிட்டு, கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு குற்றாலம் பஸ்ஸுக்குப் போனார். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று, மாசி மாதம்.

குற்றால மலையில், புல்லோடு சிற்றீச்சை என்ற குட்டை ஈச்சையும் வளரும் ஒரு சரிவில் இரண்டு கட்டங்கள் குறித்து வைத்திருந்தார். ஒன்றை வருஷா வருஷம் எரிப்பார். மற்றதில் ஒன்பது வருஷமாகத் தீ படவிடவில்லை. சாரல் முன்னைப்போல் இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு. மலையில் புல் மாறுவது மழையாலா, தீயாலா என்பது அவர் கேள்வி. இரண்டு கட்டத்திலும் ஒரே மழைதான். ஆகவே இரண்டிலும் மாறினால் மழையின் வேலை, ஒன்றில் மட்டும் மாறினால் தீயின் வேலை.

எரிக்கும் முன்னால், தீ தாண்டி வராதபடி, தீ படாத கட்டத்தைச் சுற்றி ஒரு பட்டையைக் கருக்கிவிடுவார்கள். கணவாய்க் காற்று உச்சிப்பொழுதுக்கு முன் இறங்காது என்று நம்பித்தான் அன்றும் காலையில் தீ வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் பிறந்த எவரும் அப்படித்தான் வைத்திருப்பார். முந்தின வருஷ மழை பொய்த்துப் புல் சருகாக நின்றது. காற்றும் அன்று காலையிலேயே இறங்கிவிட்டது. தீ கட்டத்துக்குள் புகுந்ததும், வாட்சர் பரமசிவன் கத்தக் கத்த, தில்லைநாயகம் தீயை அடித்து அணைக்கத் தழைக்கொத்தோடு உள்ளே ஓடினார். பரமசிவன் அவரைத் தோளில் போட்டு இறங்கும்போது உயிர் இல்லை.

பதினாறாம் நாள் கழிந்து, அவரோடு வேலை பார்த்த அருமைநாயகம் வந்தார்.

“மைனி, ஆராய்ச்சியை முடிச்சிருவோம்னு காலேஜ்ல சொல்லுதாங்க. எரியாத கட்டமும் எரிஞ்சு போச்சு. இனி எதோட எதை ஒப்பிட?”

குழல்வாய்மொழி இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள். அந்த மனுஷனோடு அவருடைய ஒன்பது வருஷ வேலையும் சேர்ந்து போவதை அவளால் ஒப்ப முடியவில்லை.

“ஒண்ணு வருஷா வருஷம் எரிஞ்சது. ஒண்ணு ஒம்பது வருஷம் கழிச்சு எரிஞ்சது. ரெண்டுலயும் என்ன முளைக்குன்னு பாக்கலாம்லா?”

அருமைநாயகம் சொன்னார்: “அண்ணாச்சி கணக்காவே மடக்குதீய.”

பழைய கயிறு தீயில் போய்விட்டது. புதுக் கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, துணிகளை அவளே முடிந்தாள்.

பங்குனிக் கடைசியில், ஒரு தூறலும் விழுமுன், பரமசிவனையும் சேர்த்து மூவரும் மலை ஏறினார்கள். ஒன்பது வருஷத்தில் புல்லை அமுக்கி வளர்ந்திருந்த புதர்கள் கரிக்குச்சிகளாக நின்றன.

“எந்த இடம்?” என்று கேட்டாள். பரமசிவன் கை காட்டினார். பார்த்தாள்.

“கயித்தைத் தொய்ய விடாதீங்க” என்றாள் அருமைநாயகத்திடம்.

எந்தப் புல் திரும்பியது, எது திரும்பவில்லை என்பதில் அவளுக்கும் அருமைநாயகத்துக்கும் பல வருஷம் வாதம் நடந்தது. சாரல் சில வருஷம் பிந்தியது. சில வருஷம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. எரிந்த சரிவில், மழைக்கு முன்னாலேயே, சிற்றீச்சைதான் முதலில் தளிர்க்கிறது.