தன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை

அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு முதல் முட்டுக்கட்டை விசா அல்ல, பேராசிரியரின் சோம்பல். பட்டம் வாங்கிய கையோடு வெளிநாட்டு ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு அவர் ஒரு சிபாரிசுக் கடிதம் தர வேண்டும். ஆள் எப்படி, கெட்டிக்காரனா, நம்பிக் கூப்பிடலாமா என்று இரண்டு பக்கத்துக்கு எழுத வேண்டும். பேராசிரியருக்கோ எழுத்து வேலை என்றாலே வேப்பங்காய். நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிடுவார். தன்னைத் தானே எப்படிப் புகழ்வது என்று பிள்ளைகள் திருதிருவென விழிப்பார்கள். விழித்துவிட்டு நேராக அக்காவிடம் வருவார்கள்.

அக்கா அங்கேயே படித்துப் பட்டம் வாங்கி, அங்கேயே வேலைக்கும் தங்கிவிட்டவள். துளிகள் எப்படிக் காய்கின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மேஜையில் சிந்திய காப்பித் துளி காய்ந்ததும் நடுவே வெளுத்து, ஓரத்தில் மட்டும் கருத்த வளையமாக நிற்கிறதே, அது ஏன்? அதை மாற்ற முடியுமா? மாற்றினால் பெயிண்ட்டும் மருந்துப் பூச்சும் திட்டுத் திட்டாக இல்லாமல் சீராகப் பரவுமா? நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு கண்ணாடித் தகடு, தகட்டின் மேல் ஒரு துளி, எதிரே ஸ்டூலில் அக்கா. சம்பளம் வாங்கிக்கொண்டு ஈரம் காய்வதை வேடிக்கை பார்க்கிறாள் என் பெண் என்று அவளுடைய அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அதில் பெருமையும் இருக்கும், கொஞ்சம் சந்தேகமும் இருக்கும்.

கடிதம் எழுதுவதில் அக்கா கில்லாடி. ஒரு வரி பொய் எழுத மாட்டாள். ஆனால் உண்மையை எந்தப் பக்கம் நின்று பார்த்தால் லட்சணமாக இருக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. சூடேற்றும் தட்டை அணைக்க மறந்து மேஜையைப் பொசுக்கிய ஒருவன் இருந்தான். அவனை, ஆபத்தில் கை நடுங்காதவர் என்று எழுதினாள். தப்பில்லை, மற்றவர்கள் விழுந்தடித்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடியபோது நின்று தீயை அணைத்தவன் அவன்தான். வாயே திறக்காத ஒரு பெண்ணை, அளந்து பேசுபவர் என்றாள். ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து எல்லோர் உயிரையும் வாங்கிய இன்னொருவனை, முதல் விடையோடு திருப்தி அடையாதவர் என்றாள். மூன்று பேரும் அடுத்தடுத்து ஒரே ஃபெல்லோஷிப்பில் பறந்துபோய், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு எடுத்த படங்களை அனுப்பினார்கள். பேராசிரியர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, தன் கடிதத்துக்கு அங்கே தனி மரியாதை என்று கூசாமல் சொல்லிக்கொண்டார்.

ஒருவழியாக அக்காவின் முறை வந்தது. முதலில் கல்யாணம், பிறகு அப்பாவின் நோய், அதன் பிறகு அப்பா இல்லாத வீடு என்று ஒவ்வொரு வருடமும் தள்ளிப் போட்டிருந்தாள். பட்டம் வாங்கிச் சில வருடங்களுக்குள் இருப்பவர்களுக்குத்தான் அந்த ஃபெல்லோஷிப். அக்காவுக்கு இதுவே கடைசி வருடம், விட்டால் விட்டதுதான். ஃபெல்லோஷிப் கிடைத்தால் போகும் ஆய்வு நிலையத்தில் ஒரு கருவி இருந்தது. துளிக்குள்ளே நீர் எந்தப் பக்கம் சுழல்கிறது, துகள்களை எப்படி ஓரத்துக்குத் தள்ளுகிறது என்று உள்ளேயே பார்த்துவிடலாம். இங்கே அவள் மேலிருந்து பார்த்து ஊகிக்கத்தான் முடியும். ஒரே ஒரு தடவையாவது உள்ளே பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை. அதை அவள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

பேராசிரியர் வழக்கமான பாட்டையே பாடினார். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த அக்கா வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை வரவில்லை.

கணவன் உதவிக்கு வந்தான். அவன் ரேடியோவுக்கு விளம்பரம் எழுதுகிறவன். ஆனானப்பட்ட மெத்தையையே தன் எழுத்தால் விற்றவன், பெண்டாட்டியை விற்க மாட்டானா என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ஈடு இணையற்ற, நிகரற்ற, உலகத் தரம் வாய்ந்த என்று ஆரம்பித்தவன், இன்றே முந்துங்கள் என்று முடித்தான். அக்கா அதை அழித்தாள். அம்மா தன் பங்குக்குச் சொன்னாள்: சின்ன வயசில் ஊசி போட்டபோது அழவே இல்லை, ஆனால் சாப்பாட்டில் மட்டும் படுத்தி எடுத்துவிடுவாள், பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். அம்மா பாராட்ட ஆரம்பித்தால் எப்போதும் புகாரில்தான் போய் முடியும்.

கடைசியில் அக்காவே எழுதி முடித்தாள். குறித்த நேரத்துக்கு வருவார், கருவிகளைத் துடைத்து வைப்பார், சக ஊழியர்களோடு ஒத்துப்போவார். உப்புச் சப்பில்லாத அந்த முக்கால் பக்கத்தை மறுநாள் பேராசிரியரின் மேஜையில் வைத்துவிட்டு நழுவப் பார்த்தாள்.

அவர் பேனாவை எடுக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார்.

"உக்காரு. மேஜையைக் கொளுத்தினவனுக்கு என்ன எழுதின? ஆபத்துல கை நடுங்காதவர். எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு. உனக்கு மட்டும் கருவியைத் துடைச்சு வைப்பாராம். நீ ஆராய்ச்சிக்குப் போறியா, வீடு கூட்டப் போறியா?"

அக்காவுக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று இருந்தது. "அதெல்லாம் படிச்சீங்களா சார்?"

"எழுதத்தான் சோம்பல். படிக்க என்ன? நம்ம பசங்க இவ்வளவு நல்லவங்களான்னு நானே அதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அந்தக் காகிதத்தை மடித்து ஓரமாக வைத்தார். இந்தக் கடிதத்தைத் தானே எழுதி, தானே நேராக அனுப்பிவிடப் போவதாகவும், அவள் கண்ணில் காட்டப் போவதில்லை என்றும் சொன்னார். மனிதர் வெள்ளை மனசுக்காரர், ஆனால் எதை எங்கே சொல்வது என்ற விவஸ்தை கிடையாது. அன்று முழுக்க அவர் அறைக் கதவு சாத்தியே கிடந்தது. சாயங்காலம் வெளியே வந்தவர், அனுப்பியாயிற்று என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

முதல் சுற்றில் தேறியவர்களை நேர்காணலுக்கு அழைத்தார்கள். அக்காவும் அதில் இருந்தாள். வீட்டுப் படுக்கையறையிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார ஏற்பாடு. மிக்ஸி ஓடக் கூடாது, குழாய் திறக்கக் கூடாது, இருமல் வந்தாலும் மொட்டை மாடிக்குப் போய்த்தான் இரும வேண்டும் என்று கணவன் வீட்டில் ஊரடங்கு போட்டிருந்தான். போட்டுவிட்டு அவனும் மாமியாரும் கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள்தான் தலைவி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தாள். துளியைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் அக்கா தண்ணீர் பட்ட பாடாகப் பதில் சொன்னாள். போகிற போக்கைப் பார்த்தால் கிடைத்துவிடும் போலிருக்கிறதே என்று அவளுக்கே ஒரு நப்பாசை வந்தபோது, தலைவி ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"உங்க பேராசிரியர் ஒரு விஷயம் எழுதியிருக்கார். இதுவரைக்கும் அவர் எங்களுக்கு அனுப்பின கடிதமெல்லாம் நீங்க எழுதினதாம். உண்மையா?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம் என்றால் ஏற்கெனவே போன மூன்று பேரின் தலையும் உருளும். இல்லை என்றால் பேராசிரியர் பொய்யராகிவிடுவார். எப்படிப் பார்த்தாலும் அந்தக் கருவியை இந்த ஜென்மத்தில் தொடப் போவதில்லை என்று தோன்றியது. மனசுக்குள் பேராசிரியரை வண்டி வண்டியாகத் திட்டினாள். திட்டி முடித்ததும் என்னவோ பயம் குறைந்திருந்தது.

"உண்மைதான். நான்தான் எழுதினேன். ஆனா அதுல பொய்யே கிடையாது. எந்த வரியில சந்தேகம்னாலும் கேளுங்க."

தலைவி கேட்டேவிட்டாள். "ஆபத்துல கை நடுங்காதவர்னு எழுதியிருந்தீங்களே, அவர் இங்க வந்ததும் முதல் வேலையா ஒரு மேஜையைக் கொளுத்திட்டார்."

"யார் அணைச்சாங்க?"

தலைவிக்குப் பக்கத்தில் இருந்த இளைஞர் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவி நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். "அவரேதான்."

"அதைத்தான் எழுதியிருந்தேன். கொளுத்த மாட்டார்னு எழுதலையே."

மூன்று பேரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. சிரித்து ஓய்ந்ததும் தலைவி காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். மற்றவர்களைப் பற்றி எழுதியதெல்லாம் சரியாக இருப்பதால், அக்காவைப் பற்றிய கடிதத்தையும் அவளே சொல்லிவிடட்டும் என்றாள். வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல, அதே கண்ணோடு, அதே உண்மையோடு.

அக்கா வாயைத் திறந்தாள். குறித்த நேரத்துக்கு வருவார் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, ஆய்வுக்கூடத்து ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை நினைத்துப் பார்த்தாள். இவள் தன்னிடம் கடிதம் கேட்டு வந்திருந்தால்?

"இவங்க ஒரு துளி காயற வரைக்கும் கண்ணை எடுக்க மாட்டாங்க," என்று ஆரம்பித்தாள். "மத்தவங்க துளி வைக்கும்போது பார்ப்பாங்க, காஞ்சப்புறம் வந்து பார்ப்பாங்க. நடுவுல டீ குடிக்கப் போயிடுவாங்க. இவங்க போக மாட்டாங்க. அந்த வளையம் எந்த நொடியில ஆரம்பிக்குதுன்னு எங்க எல்லாரையும்விட இவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். இங்க இருக்கற கருவியால பாக்க முடிஞ்சதையெல்லாம் பாத்துட்டாங்க. இனிமே உள்ள பாக்கணும். அதுக்குத்தான் அனுப்பறேன். இவங்க ரொம்ப நல்ல ஆராய்ச்சியாளர்."

கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது. அதை அவள் வாய்விட்டு என்ன, மனசுக்குள்கூட அதுவரை சொல்லிக்கொண்டதில்லை. சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. தெரிந்ததும் அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கதவுக்கு வெளியே அம்மா மூக்கை உறிஞ்சுவது நன்றாகவே கேட்டது. ஊரடங்கு போட்டவன் அவளை அதட்டவில்லை, அவன் நிலைமையும் அப்படித்தான் இருந்தது.

சில வாரம் கழித்து, ஒரு துளி பாதி காய்ந்துகொண்டிருக்கும்போது பதில் வந்தது. போனில் அனுப்பியவரின் பெயரைப் பார்த்தவள், போனைக் கவிழ்த்துவிட்டுத் துளி முழுவதும் காயும்வரை பார்த்தாள். பிறகுதான் அஞ்சலைத் திறந்தாள். கிடைத்துவிட்டது.

பேராசிரியரின் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் மேஜையைத் தட்டி, தன் கடிதத்துக்கு அங்கே தனி மரியாதை என்று மறுபடியும் ஆரம்பித்தார். அக்கா சண்டைக்கே போய்விட்டாள். கடிதங்களை அவள் எழுதிய கதையை அங்கே போட்டு உடைப்பதா, அவளும் மூன்று பிள்ளைகளும் அந்தரத்தில் தொங்கியிருப்பார்களே, என்ன தைரியத்தில் அப்படிச் செய்தார் என்று கேட்டாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உன்னைப் பத்தி எழுதலாம்னு உக்காந்தேம்மா. காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் ஒரு வரி வரல. நீ அந்த ஸ்டூல்ல என்ன பண்றேன்னு ஒருநாளாவது நான் வந்து பாத்திருக்கணுமே. எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது அந்தக் கடிதங்கதான். அதை எழுதினேன்."

அக்காவின் கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவளையும் தாண்டி ஆய்வுக்கூடத்துக்குள் போனார். அவர் அங்கே கால் வைத்து வருஷக்கணக்காகியிருந்தது. ஏதோ விபரீதம் என்று பையன்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, புதிதாகச் சேர்ந்திருந்தவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ என்னப்பா பண்ற? சொல்லு, பாக்கறேன்."

பையன் வெலவெலத்துப்போய் அக்காவைப் பார்த்தான். இத்தனை வருஷமும் அந்தப் பார்வைக்கு அவள்தான் பதில் சொல்லி வந்திருக்கிறாள். இன்று சொல்லவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, கணவனுக்குப் போன் செய்வதற்காக வெளியே போனாள்.