உதட்டுப் பேச்சு

பழைய நெசவு மில்லின் மூன்றாவது மாடியில் அந்தப் பல் டாக்டரும் அவள் கணவனும் வாங்கிய வீட்டில் கதவென்று இருந்தது இரண்டுதான். ஒன்று வாசலுக்கு, இன்னொன்று குளியலறைக்கு. மற்றபடி எல்லாம் ஒரே கூடம். ஆளுயர ஜன்னல்கள், வரிசையாக இரும்புத் தூண்கள், இரும்புப் படியேறினால் பரண் மாதிரி ஒரு படுக்கைத் தளம். சுவரே கட்டாமல் விட்டதற்குத்தான் இந்த வீட்டுக்கு இவ்வளவு மவுசு என்று கணவன் நண்பர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தான். மாமியார் வந்து சேரும்வரை அந்தப் பீற்றல் செல்லுபடியானது.

டாக்டரின் அம்மா வேறொரு மில்லில் தறி ஓட்டியவள். தறிச் சத்தம் காதில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. மிச்சத்துக்குக் காதில் மிஷின் வைத்திருந்தாள். வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து தேறியவளைத் தனியாக விட மனமில்லாமல் மகள்தான் கூட்டிவந்தாள். தூணோரம் கட்டில் போட்டு, துணித் தடுப்பு ஒன்றை நிறுத்தினாள். ஒரு சுவர் எழுப்பலாமென்றால், பழைய கட்டடத்தில் ஆணிகூட அடிக்கக்கூடாது என்று குடியிருப்போர் சங்கம் கறாராகச் சொல்லிவிட்டது.

அம்மாவுக்கு மெதுவாகப் பேச வராது. உப்பு எங்கே என்று கேட்டால்கூட ஊரைக் கூட்டுவதுபோல இருக்கும். டிவியும் அப்படியே அலறும். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் கணவன், ஆபீஸ் மீட்டிங்குகளைக் குளியலறையில் உட்கார்ந்து நடத்தினான். முதலில் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனான். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அவனையும் குறை சொல்ல முடியாது. மனுஷனுக்குத் தலைசாய்க்க ஒரு மூலை வேண்டாமா?

அதைப் பேசித் தீர்க்கவும் அங்கே இடமில்லை. அந்த உயரமான கூரை சின்ன முணுமுணுப்பைக்கூட அம்மாவின் மிஷின்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதனால் இருவரும் குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொண்டார்கள். மகளுக்கு அது கைவந்த கலை. விருந்துகளில் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் கணவனிடம் 'கிளம்பலாமா' என்று வாயசைத்தே கேட்பாள். அவனுக்கும் பழக்கிவிட்டிருந்தாள். தனக்கு அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கூடத்தின் மறுகோடியில், அடுப்பு மேடையருகே, கணவன் வாயசைத்தே பேச்சை எடுத்தான். தான் பார்த்துவைத்திருந்த முதியோர் இல்லத்தில் ஒரு அறை காலியாம், இன்றைக்கே பதில் சொல்ல வேண்டுமாம். மகள் முடியாது என்று தலையாட்டினாள். அவன் கெஞ்சினான். அவளுக்கும் அலுப்பு தட்டியிருந்தது. நெடுநாளாக நெஞ்சில் அடைத்திருந்தது உதட்டுக்கு வந்துவிட்டது.

"என்னாலயும் முடியல. அம்மா இல்லாம ஒரு நாள் நிம்மதியா இருந்தா போதும்னு இருக்கு. சரின்னு சொல்லிடு. இடுப்பைப் பார்த்த டாக்டர் சொன்னாருன்னு சொல்லிச் சமாளிச்சிக்கலாம். நான் சொன்னேன்னு அம்மாவுக்கு எங்க தெரியப்போகுது?"

ஜன்னலோரத்தில் பூண்டு உரித்த கை நின்றது. அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள்.

மகளுக்கு அப்போதுதான் சுரீரென்றது. பள்ளிக்கூடம் போகும் வழியில் தறிக்கூடத்து வாசலில் நிற்பாள். உள்ளே காது கிழியும் சத்தம். அங்கே எல்லாப் பெண்களும் வாயசைத்துத்தான் பேசிக்கொள்வார்கள். அம்மா தறியை விட்டு நகராமலே 'சாப்பிட்டியா' என்பாள். இவளும் சத்தமில்லாமல் பதில் சொல்வாள். நாளெல்லாம் ஊரார் வாயைப் பார்க்கிறவளுக்குத் தன் வாய் யாரிடம் படித்தது என்பது மறந்துபோயிருந்தது.

அம்மா காதிலிருந்து மிஷினைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்தாள். வழக்கமான அந்தப் பெரிய குரலிலேயே சொன்னாள்.

"இனிமே சத்தமாவே பேசிக்கோங்கம்மா. அப்பத்தான் எனக்குக் கேக்காது."

கணவன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மகள் ஓடிவந்து அம்மாவின் முன்னால் மண்டியிட்டாள். மிஷின் திட்டில் கிடந்தது, குரலுக்கு வேலையில்லை. அம்மாவின் முழங்காலைப் பற்றிக்கொண்டு 'அம்மா, நான்' என்று வாயசைத்தாள்.

அம்மா கண்களை மூடிக்கொண்டாள்.