கண் எடுக்காத பிள்ளை

பிப்ரவரியில் மூன்றாவது தடவையாக இரண்டாம் வகுப்பறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் ஒழுகியது. நான் சுவரோரம் மண்டியிட்டு வாளியை அடியில் தள்ளிக்கொண்டிருந்தேன். கெஸ்லர் டீச்சர் மேசைக் கடிகாரத்தை முடுக்கி வைத்தாள். இருபத்தாறு பிள்ளைகளும் அவரவர் புத்தகத்தில் குனிந்தார்கள்.

முப்பத்தோரு வருடமாக இந்தப் பள்ளியில் தரை துடைக்கிறேன். புது ஏற்பாடு என்று வந்த எதையும் நான் நம்பியதில்லை. இந்த வருடத்து ஏற்பாடு, சுவரில் ஓர் அட்டை. எல்லோரும் மனதுக்குள் படிக்க வேண்டும்; யாராவது ஒரு பிள்ளை புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கும்வரை எத்தனை நிமிடம் ஓடியதோ, அத்தனை கட்டத்துக்கு வண்ணம் அடிப்பார்கள். இருபதைத் தொட்டால் வகுப்புக்கே பாப்கார்ன். அந்த அமைதியில்தான் டீச்சர், வாசிக்கத் திணறும் நான்கு பேரை அரைவட்ட மேசையில் உட்காரவைத்து எழுத்துக் கூட்டச் சொல்லுவாள். காலையில் ஊற்றிய காப்பி பக்கத்தில் ஆறிக் கிடக்கும்.

எனக்கு எதிரே கம்பளத்தில் ஹேட்டி. படம் மட்டும் உள்ள பக்கத்துக்கும் எழுத்து நிரம்பிய பக்கத்துக்கும் அவளுக்கு ஒரே நேரம்தான் ஆனது. பக்கத்துப் பெண் தாளைப் புரட்டினால் இவளும் புரட்டினாள். கண் மட்டும் ஒரே இடத்தில் நின்றது.

"மிஸ், டெரல் தலையைத் தூக்கிட்டான்!" என்று கத்தினான் ஒரு பையன்.

"நீ தூக்கினதாலதானடா நான் தூக்கினது உனக்குத் தெரிஞ்சுது!" என்றான் டெரல்.

டீச்சர் கடிகாரத்தை நிறுத்தினாள். பதினேழு நிமிடம்.

"ஹேட்டியப் பாருங்க," என்றாள் டீச்சர் சலிப்போடு. "என்னிக்காவது அசையறாளா?"

பிள்ளைகள் விளையாடப் போனதும் சொன்னேன். "அந்த ஹேட்டி படிக்கல டீச்சர். சும்மா புரட்டுது."

"வெர்ன், எனக்குத் தொல்லை குடுக்காதவ அவ ஒருத்திதான். அவளையும் விடமாட்டீங்களா?"

"தொல்லை குடுக்காது. அதான் சொல்றேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாளியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். செத்துப்போன என் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத விஷயம் அது. "ஆறாவது வரைக்கும் நானும் இப்படித்தான் புரட்டினேன். சத்தம் போடாத பிள்ளைய எவன் சோதிப்பான்? அப்புறம் பட்டாளத்துல போய், மத்தவன் சிரிக்கச் சிரிக்க எழுத்துக் கூட்டினேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கினாள். "இருக்கறதே இருபது நிமிஷம். நாலு பேருக்கு ஆளுக்கு அஞ்சு. அஞ்சாவதா ஒருத்திய எங்க வைப்பேன்?"

"அது எனக்குத் தெரியாது. நான் வாளிக்காரன்."

சாயங்காலம் பெருக்கும்போது, கிடங்கிலிருந்து ஒரு சின்ன நாற்காலியை எடுத்துவந்து அரைவட்ட மேசையில் ஐந்தாவதாகப் போட்டேன். காலையில் குழாய்க்கு மரை இறுக்க வந்தேன். நாற்காலி போட்ட இடத்திலேயே இருந்தது. யாரும் உட்காரவில்லை, யாரும் எடுக்கவும் இல்லை.

அன்றைக்குப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். பதினேழு தாண்டியது. பதினெட்டு. பாப்கார்ன் பொட்டலங்கள் அலமாரிமேல் தயாராக இருந்தன. பத்தொன்பதில் டீச்சர் எழுந்தாள். கம்பளத்தில் ஹேட்டி பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"இந்த ஒரு வரிய எனக்குப் படிச்சுக் காட்டறியா?"

ஹேட்டி அசையவில்லை.

"தலையத் தூக்கும்மா. பரவால்ல."

"தூக்காத ஹேட்டி!" என்றான் டெரல், புத்தகத்துக்குள்ளிருந்தே. "இன்னும் ஒரே நிமிஷம்!"

டீச்சர் எட்டிக் கடிகாரத்தை எடுத்துத் தன் மடியில் குப்புற வைத்துக்கொண்டாள். அது உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. ஹேட்டி தலையைத் தூக்கினாள். டீச்சரைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுத்தவன் யாரென்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் மரையைப் பிடித்தபடி நின்றேன். அவள் விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே பாதி புரட்டிய தாள், இந்தப் பக்கமும் விழாமல் அந்தப் பக்கமும் விழாமல் நட்டுக்கொண்டு நின்றது.