மூன்றாம் அடுக்கு பற்றும்வரை

செம்மண்டலத்தில் ஒரு பையனுக்கு முப்பது நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை என்றால் அந்தக் கவலையைத் தெருவே எடுத்துக்கொள்ளும். கொளஞ்சியம்மாள் குடத்தோடு குழாயடிக்கு வந்தால் போதும், தண்ணீர் வருவதற்குள் நாலு பேர் விசாரித்துவிடுவார்கள். அவள் மகன் செம்பியன் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கிற இடத்தில் பொறியாளர். புருஷன் இல்லாத வீட்டில் ஒரே பிள்ளை.

2004இல் சேத்தியாத்தோப்பு அரிசி மில்காரர் பெண் தர முன்வந்தபோதுதான் செம்பியன் போனில் முதல்முதலாக எஞ்சின் பேச்சை எடுத்தான்.

"ரெண்டு வருஷம் பொறும்மா. ரஷ்யாக்காரன் எஞ்சின வித்தான், செய்யிற வெதத்தச் சொல்லித் தரல. அமெரிக்காக்காரன் குறுக்க நின்னு தடுத்துட்டான். அதான் நாங்களே செய்யிறோம். அது பறக்கட்டும், அப்புறம் நீ காட்ற பொண்ணு."

கொளஞ்சியம்மாள் இதை ஒரு சொல் குறையாமல் குழாயடியில் ஒப்பித்தாள். அமெரிக்கா தடுத்து நின்றுபோன கல்யாணம் கடலூர் வட்டாரத்திலேயே அது ஒன்றுதான். அரிசி மில்காரர் அமெரிக்காவோடு மோத விரும்பவில்லை. வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

2006இல் அவன் எஞ்சினைப் பொருத்த வேண்டிய வகை ராக்கெட் ஒன்று கிளம்பின கையோடு கடலில் விழுந்தது. அப்போது பேசிக்கொண்டிருந்த பண்ருட்டிப் பெண்ணும் கைவிட்டுப் போனது. 2008இல் சந்திரயான் போன அன்று பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் கேசரி கிண்டி எடுத்து வந்தாள்.

"நெலாவுக்கே போயிட்டாங்க. இனிமே என்ன, தேதி வெச்சிட வேண்டியதுதான?"

"அது வேற ராக்கெட்டு, பட்டம்மா. அதுல அவன் எஞ்சின் இல்ல."

"நெலாவுக்குப் போறதுக்கே தேவப்படாத எஞ்சின வெச்சிக்கினு உம்புள்ள என்னாதான் பண்றான்?"

கொளஞ்சியம்மாள் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். கேசரியில் சர்க்கரை கம்மி என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு அடுத்த வருஷம் வந்தவள்தான் காயத்ரி. சிதம்பரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த சபாபதியின் மகள். பிசிக்ஸ் படித்துவிட்டுத் தனியார் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில் அவள், "உங்க எஞ்சின் எதுல ஓடுது?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். செம்பியன் ஐஸைவிட எத்தனையோ மடங்கு குளிர்ந்த ஹைட்ரஜனைப் பற்றி ஆரம்பித்தவன், சொஜ்ஜி ஆறி, காபி ஆடை கட்டும்வரை நிறுத்தவில்லை. வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். காயத்ரி விடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவன் சொன்னான்: "இந்தப் பொண்ணுதாம்மா." கொளஞ்சியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. உடனே அடுத்ததையும் சொன்னான்: "ஆனா எஞ்சின் பறந்தப்புறம்."

இம்முறை அவள் விடவில்லை. ராக்கெட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று தெரிந்ததும், அதே நாளில் நிச்சயம் என்றாள். 2010 சித்திரை இரண்டு. நாள்காட்டியைப் பார்த்த சபாபதிக்கு முகம் சுண்டிப்போனது.

"அமாவாசைக்கு மறுநாளுங்க. பாட்டிமை. யாரும் நல்ல காரியம் பண்ண மாட்டாங்களே."

"படிச்சவங்க எல்லாம் கூடி வெச்ச நாளு சம்பந்தி," என்றாள் கொளஞ்சியம்மாள். காயத்ரியும் சரி என்றுவிட்டதால் சபாபதி வாயை மூடிக்கொண்டார்.

சிதம்பரத்தில் சின்ன மண்டபம். மேடைக்கு எதிரில் வாடகை டிவி. கரண்ட் போனால் என்று ஜெனரேட்டர். மாப்பிள்ளை ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்தான். பெரியவர்கள் தட்டு மாற்றினால் போதும் என்பதால் அது ஒரு குறையாகப் படவில்லை. மாப்பிள்ளை வீட்டுத் தட்டைத் தாய்மாமன் ராஜவேல் ஏந்தி நின்றார். கொளஞ்சியம்மாள் தட்டைத் தொடக்கூடாது என்று தூணோரம் உட்கார்ந்திருந்தாள். ஆனால் உத்தரவு முழுக்க அங்கிருந்துதான்.

சாயங்காலம் நாலரைக்கு ராக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டு எழும்பியது. மண்டபமே கைதட்டியது. நாதஸ்வரக்காரர் சீவாளியை உதட்டில் வைத்துவிட்டார். ராஜவேல் தட்டை நீட்டினார்.

"இந்தாங்க சம்பந்தி," என்று சபாபதியும் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "நல்லா வாங்கிப் புடிங்க."

"ராஜவேலு, குடுக்காத," என்றது தூணோரம். "இது மொத அடுக்குதான். அவன் எஞ்சின் மூணாவது அடுக்குல இருக்கு. அது பத்தினப்புறம்தான் மாத்தணும்னு போன்ல சொல்லியிருக்கான்."

"ஏங்க்கா, மேலதான் போயிடுச்சே. இன்னும் எத்தினி அடுக்கு?"

"அஞ்சு நிமிஷம்டா. ஆறு வருஷம் நின்னேன், நீ அஞ்சு நிமிஷம் நிக்க மாட்டியா?"

நின்றார்கள். தேங்காயும் பழமும் புடவையும் அடுக்கிய தட்டுகள் கனத்தன. டிவியில் ஒரு பச்சைக் கோடு ஏறிக்கொண்டே போனது. முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு. காயத்ரி மேடையில் இருந்தபடி உதட்டுக்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு எண்ணுவதை நிறுத்தினாள்.

அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. கோடு சற்றுத் தயங்கிக் கீழே வளைந்தது. டிவியில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மண்டபத்தில் ஒருவர் எஞ்சின் பற்றவே இல்லை என்றார், இன்னொருவர் பற்றி அணைந்துவிட்டது என்றார். எப்படியானாலும் ராக்கெட் கடலுக்குள் போய்விட்டது.

ராஜவேல் அக்காவைப் பார்த்தார். அக்கா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சபாபதிதான் முதலில் தட்டை ஜமக்காளத்தில் வைத்தார். வைத்த தட்டை யார் எடுப்பது?

தட்டைக் கொஞ்சம் முந்தி மாற்றியிருந்தால் காயத்ரி அந்த வீட்டு மருமகள். இதைக் குழாயடியில் அடுத்த ஒரு மாதம் எல்லாரும் கணக்குப் போட்டார்கள்.

இருட்டுவதற்குள் செம்பியன் கூப்பிட்டான். போனைக் காயத்ரி கேட்டு வாங்கினாள்.

"இன்னும் எவ்ளோ நாளு ஆவும்?"

"சொல்ல முடியாதுங்க," என்றான் அவன். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. ஒரு வருஷம் என்று சொல்லியிருந்தால்கூட அவள் காத்திருந்திருப்பாள் என்பது கொளஞ்சியம்மாளின் கட்சி.

அந்த டிசம்பரில் அதே வகை ராக்கெட் இன்னொன்று மேலே வெடித்தது. அதற்குப் பிறகு அந்த வகை ராக்கெட் எதையும் ஏவவில்லை. 2012 ஆகஸ்டில் செவ்வாய்க்குப் போகப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தபோதும் செம்பியனின் எஞ்சின் பறக்காமல்தான் இருந்தது. அந்த வாரம் அவனே போன் பண்ணினான். இதற்குள் அவனுக்கு முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது, குரலும் தேய்ந்திருந்தது.

"அம்மா, சிதம்பரத்துல கேட்டுப் பாக்குறியா? எஞ்சினுக்காவ நிக்க வேணாம்."

பிள்ளை இறங்கி வந்துவிட்டானே என்று சந்தோஷப்பட வேண்டிய இடம். கொளஞ்சியம்மாளுக்கு அது முடியவில்லை. அவனே அந்த எஞ்சினை நம்பவில்லை என்று ஆகிவிட்டதே.

மறுநாளே பஸ் ஏறினாள். சபாபதி வீட்டுக் கதவைத் திறந்தவள் காயத்ரி. கை நிறையக் கண்ணாடி வளையல், ஏழு மாத வயிறு. பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்குப் புதுச்சேரியில் வங்கி வேலை. கடந்த தையில் ஆன கல்யாணம். பத்திரிகை வைக்கவில்லை, எப்படி வைப்பார்கள்?

"வாங்க அத்த," என்று உட்காரவைத்து மோர் கொடுத்தாள். வந்த விஷயத்தைக் கேட்கவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்து, தாழ்ந்த குரலில், "அந்த எஞ்சின் எந்த மட்டுல இருக்கு?" என்றாள்.

"இருக்கும்மா," என்றாள் கொளஞ்சியம்மாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் செம்பியன் கூப்பிட்டபோது ஒளிக்காமல் சொன்னாள். "சரிம்மா," என்றான். பிறகு, ஒரு பம்பை மாற்றியிருக்கிறோம், அடுத்த மாதம் சோதனை என்று ஆரம்பித்தான். அவள் உம் கொட்டிக்கொண்டே இருந்தாள்.

காலையில் குடத்தோடு குழாயடிக்குப் போனாள். சிதம்பரத்துச் சேதி அவளுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. பட்டம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. செம்மண்டலத்தில் அப்படி ஒரு மரியாதை யாருக்கும் லேசில் கிடைக்காது.