வெள்ளத்தில் நின்ற சித்தப்பா

சமையலறைக் கத்தியின் நுனியைச் சுவருக்கும் தாளுக்கும் நடுவே செருகி, பெரியவர் மெல்ல நெம்பினார். குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கும் யாரோ ஒரு கிழவியின் படம் கொஞ்சம் சுண்ணாம்போடு கையில் வந்தது. முகம் உள்ளே போகும்படி சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவர் ஏறி நின்ற நாற்காலிக்குக் கீழே, வெள்ளைத் துணி போர்த்தித் தம்பி கிடந்தான்.

“இன்னும் எத்தன இருக்கு?” என்றார், கீழே பார்க்காமல்.

“இந்தச் சுவர்ல மட்டுமா கேக்குறீங்க, பெரியப்பா?” என்றாள் தம்பி மகள்.

அவளுக்குத்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பேச்சுவார்த்தை எல்லாம் பெரியவர் வீட்டில்தான் நடந்தது. துக்கம் கேட்க வரும் மாப்பிள்ளை வீட்டார் இந்த வீட்டுக்குள் காலடி வைக்கப்போவது இதுவே முதல் தடவை. பெண்ணின் அப்பனுக்கு மூளை பிசகியிருந்தது என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், எல்லாம் போச்சு.

தலைமுறை தலைமுறையாக வாத்தியார் குடும்பம். தம்பி மட்டும் பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டூடியோ வைத்தான். அதையாவது ஒரு தொழில் என்று சொல்லிக்கொள்ளலாம். இது என்ன? வயல் நடுவே கதவு திறந்து நிற்கும் ஒரு ஃப்ரிட்ஜ். முதுகைக் காட்டி நிற்கும் ஐந்து பெண்கள். ஐவர் கூந்தலும் சேர்த்து ஒரே சடை. எந்தத் தேசம், என்ன அர்த்தம், எதற்காக எடுத்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. உரிக்க உரிக்கச் சுவரில் சதுரம் சதுரமாக வெளுப்புதான் மிஞ்சியது.

“இதெல்லாம் எங்கேர்ந்து பிடிச்சான்?”

“கம்ப்யூட்டர்லதான். கடையப் பூட்டிட்டு வந்து உக்காந்தாருன்னா, உலகம் பூரா யார் யாரு என்னென்ன எடுக்குறாங்கன்னு தேடிட்டே இருப்பாரு. நல்லதா ஒண்ணு கெடச்சா அம்மாவ எழுப்பிக் காட்டுவாரு.”

“எழுப்பியா?”

“அரைத் தூக்கத்துல நானும் நல்லாருக்குன்னு சொல்லிடுவேன் மாமா,” என்றாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தம்பியின் மனைவி. “எங்க நல்லாருக்கு, சொல்லுன்னு கேப்பாரு. அங்கதான் மாட்டிக்குவேன்.”

அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

கூடத்தில் ஒரே ஒரு படம் பாக்கி. அதற்குக் கத்தியை நீட்டியபோது வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இறங்கி, கத்தியையும் சுருள்களையும் அலமாரிக்குப் பின்னால் தள்ளுவதற்குள் சம்பந்தியும் அவர் மனைவியும் உள்ளே வந்துவிட்டார்கள்.

சம்பந்தி மலர்வளையத்தை வைத்துக் கும்பிட்டார். நிமிர்ந்தபோது அவர் கண் அந்தப் படத்தில் நின்றது. முழங்கால் அளவு தண்ணீர் நிறைந்த ஒரு அறை. மேசை மிதக்கிறது. கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டில், விறைப்பாக நின்று நேரே பார்க்கும் ஒரு கிழவர்.

“இவரு?”

“எங்க சித்தப்பா.” பெரியவர் வாய் தானாகச் சொன்னது. “வெள்ளம் வந்த வருஷம் எடுத்தது.”

தம்பி மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

சம்பந்தி கிட்டே போய்ப் பார்த்தார். “வீடே மெதக்குது, மனுஷன் ஒரு பொத்தான அவுக்கலையே! சந்தேகமே இல்ல, இது உங்க வீட்டு விறைப்புதான்.” மனைவியைக் கூப்பிட்டார். “இங்க வந்து பாரு. குடும்பம்னா இது.”

“மூக்கு அப்படியே பெரியவரு,” என்றாள் அந்த அம்மாள்.

மானம் தப்பியது. மூச்சு விடலாம். ஆனால் அவர்கள் வெளியே போய் உட்கார்ந்த பிறகும் பெரியவரால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. மூக்கு. தாடை. நிற்கிற தோரணை.

“யாரும்மா இது?” என்றார் தாழ்ந்த குரலில்.

“தெரியல மாமா. எந்த ஊர்க்காரரோ. இத மட்டும் திரும்பத் திரும்ப பிரிண்ட் போட்டாரு. மொகம் சரியா வரலையாம்.”

“என்ன சரியா வரணுமாம்?”

“சொல்லல. நீங்க ஒரு தடவயாவது கடைக்கு வந்து உக்காந்திருந்தா...” தம்பியின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

ஓய்வூதியத்துக்குப் படம் கேட்டபோதுகூட அவர் அடுத்த தெரு ஸ்டூடியோவுக்குத்தான் போனார்.

அந்த ஸ்டூடியோக்காரர்தான் இப்போது கேமராவோடு வந்திருந்தார். வர முடியாத உறவுகளுக்கு அனுப்பக் கடைசியாக ஒரு படம். “குடும்பத்து ஆளுங்க மட்டும் நில்லுங்க,” என்றார்.

பெரியவர் தலைமாட்டுக்கு வந்து நின்றார். கையை முன்னால் கட்டினார். பின்னால் கட்டினார். தொங்கவிட்டார்.

“ஐயா, கொஞ்சம் கீழ பாருங்க. தம்பியப் பாக்குற மாதிரி.”

அவர் கீழே பார்க்கவில்லை.

“அவன்னா எங்க பாக்கச் சொல்லுவான்?” என்று கேட்டார்.

ஸ்டூடியோக்காரர் பொத்தானில் விரலை வைத்தபடி தம்பியின் மனைவியைப் பார்த்தார். அவள் மகளைப் பார்த்தாள். மகள் சுவரில் தனியாக மிஞ்சி நின்ற சித்தப்பாவைப் பார்த்தாள்.