பழைய தகரத்துக்கான பூச்சு

வில்லியனூர் கடைத்தெருவில் ஷேக் ஃபரீதின் பெயிண்ட் கடை வாசலில் புது போர்டு தொங்கியதைப் பார்த்ததும் நாஸியா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டாள். கூரையைக் குளிரவைக்கும் நானோ பூச்சு இங்கே கிடைக்கும் என்றது போர்டு. பூச்சு புனே கம்பெனியுடையது. கடை அவளுடைய அத்தாவுடையது.

அதே மாதிரிப் பூச்சைத்தான் அவளும் கூடப் படித்த நவீன்குமாரும் கடைக்குப் பின்னால் இருக்கும் குடோனில் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்தார்கள். பாகூர் ரைஸ் மில்லிலிருந்து உமி வரும். அதை எரித்த சாம்பலிலிருந்து கண்ணுக்கே தெரியாத சிலிக்காத் துகளைப் பிரித்துப் பூச்சில் கலப்பார்கள். தகரத்தில் அடித்தால் வெயில் உள்ளே இறங்காது. கலவை சரியாக அமைந்தது இந்தக் கோடையில்தான்; மழைக்குத் தாங்குமா என்பது தெரியவில்லை. ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுத்தான் விற்பது என்று நாஸியா பிடிவாதமாக இருந்தாள். அதற்குள் புனேக்காரர்கள் முந்திவிட்டார்கள்.

"இன்னா அத்தா இது?"

"ஏஜெண்ட் வந்தான், மாட்டிட்டுப் போனான். தெனம் நாலு பேரு கேக்குறாங்க. உன் சரக்கு எப்பம்மா வரும்?"

நாஸியா அலமாரியிலிருந்து புனே டின் ஒன்றை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனாள்.

"நாமளும் எறக்கிடுவோம் நாஸியா. இனிமே காத்துக்கினு இருந்தா அவ்ளோதான்" என்றான் நவீன்.

"மொதல்ல இத அடிச்சிப் பாப்போம்."

புதுத் தகரத்தில் அடித்து வெயிலில் வைத்தார்கள். குளிர்ச்சி இவர்களுடையது போலத்தான் இருந்தது. ஆனால் சீக்கிரம் காய்ந்தது, வழவழவென்று படிந்தது.

"நல்லாவே பண்ணிருக்கான்பா" என்று நவீன் முனகினான். நாஸியா டின்னில் எழுதியிருந்ததை ஒரு வரி விடாமல் படித்தாள்.

வெள்ளிக்கிழமை அத்தா ஜும்மாவுக்குப் போனபோது அவள் கல்லாவில் உட்கார்ந்தாள். செல்லிப்பட்டிலிருந்து மஞ்சுளா என்று ஒருத்தி வந்தாள். தகரக் கொட்டகையில் தையல் மிஷின்கள் போட்டு நடத்துகிறவள்.

"மத்தியானத்துல பொண்ணுங்க ஒக்கார முடியலம்மா. போர்டுல போட்டிருக்கிற பூச்சு நல்லாருக்குமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"நல்லாருக்குக்கா. நானே அடிச்சிப் பாத்தேன்" என்றாள் நாஸியா. டின்னை எடுத்து வைத்துவிட்டு, "தகரம் புதுசா?" என்று கேட்டாள்.

"எங்க, எல்லாம் துருப்புடிச்சிக் கெடக்குது."

"அப்ப துருவச் சுரண்டிட்டுத்தான் அடிக்கணும். டின்லயே போட்டிருக்கான்."

"சுரண்டுனா ஓட்டதாம்மா மிஞ்சும்!"

நாஸியாவுக்குச் சட்டென்று தோன்றியது. காசு மிச்சம் பிடிக்க அவர்கள் இத்தனை நாளும் தங்கள் பூச்சைச் சோதித்துப் பார்த்ததெல்லாம் காயலான் கடைத் தகரத்தில்தான். துருவின் மேலேயே பிடித்து நின்றிருக்கிறது. அதை ஒரு சிறப்பாக அவர்கள் நினைத்ததே இல்லை.

"அக்கா, நாங்களும் ஒரு பூச்சு செய்றோம். இன்னும் விக்கல. மழைக்கு எப்பிடி நிக்கும்னு எனக்கே தெரியாது. சம்மதம்னா உங்க கொட்டாயில சும்மாவே அடிச்சித் தரேன். சரியில்லன்னா திட்டுங்க."

மஞ்சுளா சிரித்துவிட்டாள். "திட்டுறதுக்கு இன்னா, வா."

அடித்துக் கொடுத்த பூச்சின் மேல் ஐப்பசி மழை இறங்கியதும் மஞ்சுளாவிடமிருந்து போன் வந்தது. "வெயிலுக்கு உள்ள ஜில்லுன்னுதாம்மா இருந்துது. ஆணி அடிச்ச எடத்துல மட்டும் உரிஞ்சி வருது."

நாஸியாவும் நவீனும் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார்கள். ஆணிகளைச் சுற்றித் தண்ணீர் தேங்கி, அங்கே மட்டும் பூச்சு தோல் மாதிரி கழன்றிருந்தது. அந்த இடங்களுக்கென்று தனியாகக் கெட்டியான கலவை ஒன்றைச் செய்யவேண்டியிருந்தது. இரண்டு தடவை தோற்றது. மூன்றாவது, கார்த்திகை அடைமழையில் நின்றது.

பொங்கல் கழித்துப் பூச்சை இறக்கினார்கள். பழைய தகரத்துக்கு மட்டும் என்று டின்னில் பெரிதாக எழுதச் சொன்னாள் நாஸியா. கடலூர் முதல் திண்டிவனம் வரை பெரிய கடைகளிலெல்லாம் அதற்குள் புனேக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். புதுக் கூரைகள் அவர்களுக்குத்தான் போயின. நாஸியாவுக்கு அதில் வருத்தம் இல்லாமல் இல்லை.

மாசியில் பண்டசோழநல்லூரிலிருந்து சாமிநாதன் என்ற விவசாயி தன் மாட்டுக்கொட்டகைக்குப் பூச்சு கேட்டார். மஞ்சுளா சொல்லி வந்தவர். வேலை முடிந்து இறங்கியதும் நாஸியா கொட்டகைக்குள் போய் நின்றாள். உச்சிவெயில். மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"அடுத்த கொட்டாயையும் பாத்துட்டுப் போய்டலாமாம். பக்கத்து வூட்டுக்காரரு கூப்புடுறாரு" என்றான் நவீன் வாசலிலிருந்து.

"தோ வரேன்" என்று வாளியை எடுத்துக்கொண்டாள்.